புதுப்பிப்பு: ஷிஃப்ட் வேலையும் குடும்ப ஜெபமும்

நர்ஸ் வேலையில் ஷிஃப்ட் மாறி மாறி வருவதால் இரவு குடும்ப ஜெபம் நின்றுபோகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அதிகாலையில் எழும் யோசனை நைட் ஷிஃப்ட் வாரங்களில் நடக்கவில்லை. பலன் தந்தது, மணி பார்க்காமல் ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்க்கச் சொன்ன சகோதரியின் யோசனைதான். டிபன் கட்டும்போது வேதாகமத்தின் 119-ஆம் சங்கீதத்தில் ஒரு பகுதி வாசிக்கிறோம். 176 வசனங்கள், எட்டெட்டாக 22 பகுதிகள்; ஒன்றை வாசிக்கச் சில நிமிஷம் போதும். அப்புறம் சின்ன ஜெபம்.

எதிர்பாராதது: நான் டியூட்டியில் இருக்கும் நாட்களில் மகளே வேதாகமத்தை எடுத்து வாசிக்கிறாள். 164-ஆம் வசனத்தில் ஒருநாளில் ஏழுதரம் துதிப்பதாக வருகிறதே, அதை வாசித்ததிலிருந்து வார்டுக்குள் நுழையும்போதும் ஒரு வரி ஜெபம் தானாக வருகிறது. ஞாயிறு ஆராதனை தவறும் வாரங்களுக்கு மட்டும் இன்னும் வழி தேடுகிறேன்.