பெரிய வீடு, ஸ்காபரோ: சனிக்கிழமை அணி

அண்ணா: சனிக்கிழமை கூடைப்பந்து ஆட்டத்துக்கு ஐந்தாவது ஆள் யார்? இன்றிரவு பெயர் கொடுக்க வேண்டும்.

அக்கா: குட்டித்தம்பி?

மாமா: போன கிழமை வெளுத்து வாங்கினான். அதற்கு முந்தின கிழமை பந்து வளையத்தில்கூடப் படவில்லை. சூதாட்டம்.

பெரியப்பா: 2019ஐ மறந்துவிட்டீர்களா? பிலடெல்பியாவுடன் ஆடியபோது ரொறன்ரோ ராப்டர்ஸ் வீரர் வான்விலீட் எறிந்த பந்து உள்ளே போக மறுத்தது. அவரை வெளியே உட்காரவைக்கச் சொல்லி இந்தக் குழுவிலேயே ஒருவர் பக்கம் பக்கமாக எழுதினார், பெயர் வேண்டாம். அடுத்து மில்வாக்கியுடன் ஐந்தாவது ஆட்டம்: மூன்று புள்ளி எறிதல்கள் ஒன்பதில் ஏழு உள்ளே! இறுதித் தொடரின் ஆறாவது ஆட்டத்தில் 22 புள்ளிகள், அதில் 12 கடைசிக் கால்பகுதியில். தொடரின் சிறந்த வீரருக்கான 11 வாக்குகளில் ஒன்று அவருக்கு விழுந்தது. அப்போதைய பயிற்சியாளர் நிக் நர்ஸ் பொறுமையாக இருந்ததால்தான் ரொறன்ரோவுக்கு என்பிஏ கிண்ணம் வந்தது.

மாமா: மற்றப் பத்து வாக்கும் அதே அணியின் லெனார்டுக்கு.

மாமி: அதெல்லாம் வான்விலீட்டுக்கு மகன் பிறந்த ராசி. மே 20 பிள்ளை பிறந்தது, மறுநாளே பந்து உள்ளே போனது. குட்டித்தம்பிக்கும் காலாகாலத்தில் ஒரு கலியாணம்

குட்டித்தம்பி: நானும் இந்தக் குழுவில்தான் இருக்கிறேன்.

மாமி: தெரிந்துதான் எழுதினேன்.

அண்ணா: ஐந்தாவது ஆள்??

அக்கா: பெரியப்பா, புள்ளிக் கணக்கை விடுங்கள். எறிதல் சரிவராத நாளிலும் வான்விலீட், இறுதித் தொடரில் எதிரணியின் ஸ்டெபன் கரியை மூச்சுவிட விடவில்லை. அந்தத் தொடரின் நாலாவது ஆட்டத்தில் முழங்கை பட்டுப் பல் உடைந்தது, கண்ணுக்குக் கீழே ஏழு தையல். அடுத்த ஆட்டத்துக்கு வந்து நின்றார். இவன் இரண்டு எறிதல் தவறினால் இடுப்பில் கைவைத்துக் கூரையைப் பார்க்கிறான். இவன் மறிக்க வேண்டிய ஆள் தன்பாட்டில் போய்ப் பந்தைப் போட்டுவிட்டு வருகிறான்.

குட்டித்தம்பி: ஒருமுறைதான்.

அண்ணா: காணொளி இருக்கிறது.

மாமா: அனுப்பு.

பெரியப்பா: வேண்டாம். 2019 ஊர்வலத்துக்குப் போன வாகன வாடகையில் ஒருவருடைய பங்கு இன்னும் வரவில்லை. முதலில் அதைப் பேசுவோம்.

மாமா: அந்த வாகனத்தில் எனக்கு இருக்கையே கிடைக்கவில்லை!

அக்கா: முதல் பாதி வெளியே இருக்கட்டும். தடுப்பாட்டம் ஆடுவேன் என்றால் பிறகு இறக்கலாம்.

குட்டித்தம்பி: ஆடுவேன்.

மாமா: எழுதி வாங்கு.

அண்ணா: அப்படியானால் தொடங்கும்போது யார்?

மாமி: மட்டன் ரோல்ஸ் அறுபது போதுமா, எண்பதா?

பெரியப்பா: எண்பது.

அண்ணா: ஐயோ, பெயர்!