கரியிலிருந்து எண்ணெய், எரிவாயு: பார்த்தவர்கள், பழகியவர்கள் சொல்லுங்கள்

முனிர்கா வாசி:
போன வாரம் லோதி ரோடு பக்கம் ஓர் அரங்கில் நிலக்கரி வாயுவாக்கம், அதாவது கரியை முழுக்க எரிக்காமல் எரியும் வாயுவாக மாற்றுவது பற்றிக் கூட்டம். 2030க்குள் 10 கோடி டன் இலக்கு, 2024 ஜனவரியில் அமைச்சரவை ஒப்புதல் தந்த 8,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை என்று ஸ்லைடு ஸ்லைடாக ஓடியது. ஏதோ இப்போதுதான் இந்தியாவுக்கு வருவது மாதிரிப் பேச்சு. பக்கத்துச் சீட்டில் நெய்வேலிக்காரர் ஒருவர். "எங்க ஊர்ல அந்தக் காலத்துலயே பழுப்புக் கரியை வாயுவாக்கி யூரியா உரம் செஞ்சாச்சு சார். பிற்பாடுதான் உலை எண்ணெய்க்கு மாறினாங்க" என்றார்.

டீ இடைவேளையில் மனுஷரை விடவில்லை. நெய்வேலிக் கரியில் ஏறக்குறைய பாதி ஈரம். அதை உலர்த்துவதிலேயே வெப்பம் நிறையச் செலவு. ஆனால் சாம்பல் குறைவு, சுலபமாக வாயுவாகும். ஒடிசா, ஜார்க்கண்ட் கரியில் சாம்பலே மூன்றில் ஒரு பங்குக்கு மேல். நல்ல கரிக்கென்று வடிவமைத்த வெளிநாட்டு வாயுவாக்கும் கலனில் இதைப் போட்டால் சாம்பல் அள்ளியே மாளாதாம். ஹைட்ரஜனும் கார்பன் மோனாக்சைடும் கலந்த வாயு கைக்கு வந்துவிட்டால் மெத்தனால், டீசல் எல்லாம் வினையூக்கி வேலை. ஃபிஷர், டிராப்ஷ் என்ற இரு வேதியியலாளர்கள் 1920களிலேயே ஜெர்மனியில் செய்து காட்டியதுதானே.

ஆர்.கே.புரம் பாட்டி:
லெக்கோவை யாருமே சொல்லலையே! நெய்வேலிக் கரியைக் காயவைத்து, அச்சில் அழுத்தி, காற்றில்லாமல் சுட்டுத் தருவார்கள். கும்முட்டி அடுப்பில் அடியில் கொஞ்சம் அடுப்புக்கரி, மேலே லெக்கோ. பிடிக்கத்தான் நேரமாகும், விசிறிக் கை கழன்றுவிடும். பிடித்துவிட்டால் புகையே கிடையாது, சாதம் வடித்து ரசம் வைத்த பிறகும் கனல் இருக்கும். அதைச் சுடும்போது இறங்கிய தாரிலிருந்து கார்பாலிக் அமிலம், கிரிசால் எல்லாம் எடுத்து விற்றதாக அண்ணா சொல்வார். அவர் அங்கேதான் வேலை பார்த்தார்.

மயூர் விஹார்:
வேலை விஷயமாக அமெரிக்காவில் வடக்கு டகோட்டா, பியூலா ஊர் ஆலைக்குப் போனேன். 1984லிருந்து பழுப்புக் கரியை மீத்தேனாக்கிக் குழாயில் அனுப்பும் இடம். லுர்கி என்ற ஜெர்மன் வகை வாயுவாக்கும் கலன்கள் 14. கட்டிக்கரிதான் உள்ளே போகும். தூளெல்லாம் பக்கத்து அனல்மின் நிலையத்துக்கு. எரிவாயு விலை விழுந்ததும் முதலில் கட்டியவர்கள் 1985ல் கடனைக் கட்டாமல் விலக, அரசு எடுத்து 1988ல் வேறு கைக்கு விற்றது. வேதியியல் தோற்கவில்லை, கணக்குதான் உதைத்தது. இங்கே ஊக்கத்தொகை பேசுபவர்கள் முதலில் படிக்க வேண்டிய கதை இதுதான்.

இன்னொன்று. பிரித்தெடுக்கும் கரியமில வாயுவை 2000லிருந்து கனடாவின் வேபர்ன் எண்ணெய் வயலுக்குக் குழாயில் அனுப்புகிறார்கள், நிலத்தடியில் மிஞ்சிய எண்ணெயை உந்தி எடுக்க. நம் ஆலைகள் அதை எங்கே அனுப்பும்? உங்கள் கூட்டத்தில் யாராவது கேட்டார்களா?

முனிர்கா வாசி:
கேட்டார்கள். "அது அடுத்த கட்டம்" என்றார் பேச்சாளர். அதற்குள் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.