புதுப்பிப்பு: லெட்ரோசோல் நாள் கணக்கும், ஊசிக்குப் பிறகு வரும் இரண்டு கோடும்

பிசிஓஎஸ் (சினைப்பையில் நீர்க்கட்டிப் பிரச்சினை) உள்ளவர்களுக்குக் கருமுட்டை வளர டாக்டர் எழுதித்தரும் லெட்ரோசோல் 2.5 மி.கி. மாத்திரையை, மாதவிலக்கின் 3ஆம் நாளிலிருந்து 5 நாள் போட வேண்டும் என்று முன்பு எழுதியதில் ஒன்று விட்டுப்போனது: எது முதல் நாள்? சொட்டுக் கறை கணக்கில் வராது. நாப்கின் வைக்கும் அளவுக்கு உதிரம் போகிற நாள்தான் 1. வழக்கத்தைவிடக் குறைவாகப் பட்டால் முதலில் கர்ப்பப் பரிசோதனை. நெகட்டிவ் வந்தாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டே மாத்திரை.

பெட்டிக்குள் இருக்கும் தாளில் மார்பகப் புற்றுநோய் என்று பார்த்து மிரள வேண்டாம், மருந்து அதேதான். குழந்தையின்மைக்கு இதைத் தர இந்தியாவில் 2011இல் வந்த தடை 2017இல் நீங்கியது.

முட்டைப்பை (சினைப்பைக்குள் கருமுட்டை வளரும் சிறு நீர்ப்பை) 18–20 மி.மீ. வளர்ந்ததும், முட்டையை வெளியேற வைக்கும் எச்சிஜி ஊசி. சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெடிக்கும். ஸ்கேனில் மூன்று நான்கு முட்டைப்பைகள் ஒன்றாக வளர்ந்திருந்தால் டாக்டர் ஊசியை நிறுத்தி, அந்த மாதம் சேர வேண்டாம் என்பார். கேளுங்கள். இரட்டைப் பிள்ளை ஆசை இதில் ஆபத்து.

ஊசி போட்ட ஒரே வாரத்தில் கர்ப்பப் பரிசோதனையில் தெரியும் இரண்டு கோடு பெரும்பாலும் ஊசி மருந்தின் கோடுதான்; பரிசோதனை தேடுவதும் அதே எச்சிஜியைத்தான். ஊசி போட்டு 14 நாள் பொறுத்துப் பரிசோதியுங்கள். வயிறு உப்பி, மூச்சு வாங்கி, ஒரே நாளில் எடை 1 கிலோ ஏறி, சிறுநீர் குறைந்தால் மட்டும் பொறுக்காதீர்கள்: அன்றைக்கே ஆஸ்பத்திரி.