உதவி: பயர்பொக்ஸில் டெப் வரிசை குழம்புகிறது, மூடினால் வேறெங்கோ தாவுகிறது

மும்மொழி (வெள்ளவத்தை)

விண்டோஸ் 11, 1366 அகலத் திரையுள்ள லெப்டொப், பயர்பொக்ஸ். வேலை, மொழிபெயர்ப்புகளை ஒப்புநோக்குவது. வர்த்தமானி அறிவித்தல்களின் சிங்கள, தமிழ், ஆங்கிலப் பிரதிகளைப் பட்டியல் பக்கத்திலிருந்து தனித்தனி டெப்பில் திறந்து வைத்துப் பார்க்க வேண்டும்.

கிளிக் பண்ணிய ஒழுங்கிலேயே டெப்கள் நிற்கவேண்டும் என்பதுதான் முதல் தேவை. முதலில் திறக்கும் மூன்றும் சரியாகவே நிற்கின்றன. ஒன்றைப் போய்ப் பார்த்துவிட்டுப் பட்டியலுக்குத் திரும்பி நாலாவதைத் திறந்தால், அது அந்த மூன்றுக்கும் முன்னால் போய் நுழைகிறது. ஒரு டெப்பை மூடினால் சிலவேளை வலப்பக்கத்து டெப் வருகிறது, சிலவேளை பட்டியல் பக்கம் வருகிறது. புக்மார்க்கை அழுத்தினால் பார்த்துக்கொண்டிருக்கும் பக்கத்தின் மேலேயே திறக்கிறது. கடைசி டெப்பை மூடினால் விண்டோவும் சேர்ந்து போகிறது. அலுவலக இயந்திரம், எக்ஸ்டென்ஷன் போட அனுமதி இல்லை. அது இல்லாமல் வழி உண்டா?

கொட்டாஞ்சேனை 13

எக்ஸ்டென்ஷன் ஒன்றும் தேவையில்லை, எல்லாம் உள்ளேயே இருக்கு. ஆனால் செட்டிங்ஸ் பக்கத்தில் பாதிதான் கிடைக்கும். மீதிக்கு அபவுட் கொன்பிக் என்ற உள் அமைப்புப் பக்கத்துக்குப் போகவேணும். முகவரிப் பெட்டியில் அபவுட், முக்காற்புள்ளி, கொன்பிக் என்று ஆங்கில எழுத்தில் இடைவெளி விடாமல் அடித்து என்டர். எச்சரிக்கைப் பக்கம் வந்தால் அக்செப்ட் பொத்தானை அழுத்துங்கோ. அலுவலகத்தில் பூட்டி வைத்திருந்தால் பக்கம் தடைசெய்யப்பட்டதாகக் காட்டும். அப்படியென்றால் ஐடி ஆட்களிடம்தான் கேட்கவேணும். கீழே நான் எழுதும் பெயர்களையும் ஆங்கில எழுத்தில், ஒட்டவைத்து அடியுங்கோ. முழுப் பெயர் தேவையில்லை, ஒரு துண்டு போதும். பெரிய எழுத்து சின்ன எழுத்து வித்தியாசமும் பார்க்காது.

உங்கட வரிசைச் சிக்கலுக்குக் காரணம் இதுதான். ஒரு பக்கத்திலிருந்து திறக்கும் இணைப்புகளை அந்தத் தாய் டெப்புக்குப் பக்கத்திலேயே, ஒன்றன்பின் ஒன்றாக பயர்பொக்ஸ் அடுக்கும். கடைசியாக எதை அடுக்கியது என்ற நினைவு நீங்கள் அந்த டெப்பிலேயே இருக்கும் வரைக்கும்தான். வேறு டெப்புக்கு மாறினதும் அது அழிந்துவிடும். திரும்பி வந்து அடுத்த இணைப்பைத் திறந்தால் கணக்கு புதிதாகத் தொடங்கும். ஆகவே அது தாய் டெப்புக்கு நேர் பக்கத்தில், முந்தினவைக்கு முன்னால் போய் உட்காரும்.

தேடும் பெட்டியில் ரிலேட்டட்ஆப்டர் என்று தேடுங்கோ. பிரவுசர்.டெப்ஸ்.இன்சர்ட்ரிலேட்டட்ஆப்டர்கரன்ட் என்று ஒரு வரி வரும், ட்ரூ என்று இருக்கும். வலப்பக்கத்துப் பொத்தானை ஒருமுறை அழுத்தினால் ஃபோல்ஸ் ஆகும். அதன்பிறகு எந்த இணைப்பைத் திறந்தாலும் வரிசையின் கடைசிக்கே போகும், எப்ப திரும்பி வந்து திறந்தாலும் ஒழுங்கு குலையாது. இதே பெயரில் ரிலேட்டட் என்ற சொல் இல்லாமல் இன்னொன்று இருக்கு, இன்சர்ட்ஆப்டர்கரன்ட். அது எல்லாப் புது டெப்பையும், கொன்ட்ரோல் டி அடித்துத் திறப்பதையும்கூட, நிற்கும் டெப்புக்குப் பக்கத்தில் போடும். உங்களுக்கு அது வேண்டாம், ஃபோல்ஸிலேயே இருக்கட்டும். இரண்டையும் ஒன்று என்று நினைத்து மாற்றிவிட்டு வேலை செய்யவில்லை என்பவர்கள்தான் அதிகம்.

மூடும்போது தாவுவதற்கு செலக்ட்ஓனர் என்று தேடி, செலக்ட்ஓனர்ஒன்குளோஸ் என்பதை ஃபோல்ஸ் ஆக்குங்கோ. பிறகு எப்போதும் வலப்பக்கத்து டெப்தான் வரும். வலப்பக்கம் ஒன்றும் இல்லையென்றால் இடப்பக்கம்.

புக்மார்க்குக்கு லோட்புக்மார்க்ஸ்இன்டெப்ஸ், அதை ட்ரூ. கடைசி டெப்புக்கு குளோஸ்விண்டோவித்லாஸ்ட்டெப், அதை ஃபோல்ஸ். விண்டோ நிற்கும், வெறும் டெப் ஒன்று வரும்.

ஒவ்வொன்றாக மாற்றி ஒவ்வொன்றாகச் சரிபாருங்கோ. பிடிக்காவிட்டால் அதே வரியின் ஓரத்தில் வளைந்த அம்பு இருக்கும், அழுத்தினால் பழையபடி ஆகும். மாற்றின வரிகள் தடித்த எழுத்தில் தெரியும்.

காலி வீதி

குரோமில் இப்படி ஒரு பக்கமே இல்லை. இணைப்பு பக்கத்தில் திறக்கும், கூட்டல் குறியை அழுத்தினால் கடைசியில் திறக்கும், அவ்வளவுதான். மாற்றவேண்டுமென்றால் எக்ஸ்டென்ஷன்தான் கதி. இந்த வேலைக்கு நீங்கள் பயர்பொக்ஸிலேயே நிற்பது நல்லது.

இரண்டு பிரதிகளை மாறி மாறிப் பார்ப்பவருக்கு இன்னொன்று. செட்டிங்ஸ், ஜெனரல், டெப்ஸ் என்ற பகுதியில் முதல் பெட்டி, கொன்ட்ரோல் டெப் விசையை அண்மையில் பார்த்த ஒழுங்கில் சுற்றவைப்பது. அதில் சரி போட்டால் ஒரு அழுத்தில் முந்தின டெப், மறு அழுத்தில் திரும்ப இந்த டெப். நடுவில் எத்தனை டெப் இருந்தாலும் கவலையில்லை. வரிசைப்படி போக கொன்ட்ரோல் பேஜ்டவுன், கொன்ட்ரோல் பேஜ்அப் அப்படியே இருக்கும். இரண்டு வசதியும் ஒரே நேரத்தில். ஷிப்ட்டையும் சேர்த்து அழுத்தினால் டெப்பே இடம் மாறும், மவுஸால் இழுக்கத் தேவையில்லை.

மும்மொழி

வரிசையும் மூடுவதும் சரியாகிவிட்டன. மேலும் இரண்டு இடறல். பட்டியலில் சில இணைப்புகளை மவுஸின் நடுச் சில்லால் அழுத்தினால் வெறும் டெப்தான் வருகிறது. சில பிடிஎஃப்கள் டெப்பில் திறக்காமல் டவுன்லோட் ஆகின்றன.

இன்னொன்று: சாதாரண கிளிக்குக்கே புது டெப் திறக்கும் தளங்களை அடக்க, அபவுட் கொன்பிக்கில் ஓப்பன்_நியூவிண்டோ என்பதை 1 ஆக்கி, அதன் கீழிருந்த ரெஸ்ட்ரிக்‌ஷனை 0 ஆக்கினேன். இப்போது ஒரு வங்கித் தளத்தில் கட்டணம் கட்டும்போது சின்னச் சாளரமாக வரவேண்டிய பக்கம் படிவத்தின் மேலேயே திறக்கிறது. வட்ஸ்அப்பிலிருந்து வரும் இணைப்பும் நான் பார்க்கும் பக்கத்தைத் தின்றுவிடுகிறது.

கொட்டாஞ்சேனை 13

கடைசியை முதலில் பார்ப்போம், பணம் கட்டும் விஷயம்.

ஓப்பன்_நியூவிண்டோவுக்கு மூன்று இலக்கம்: 1 என்றால் அதே டெப், 2 என்றால் புது விண்டோ, 3 என்றால் புது டெப். 3 தான் இயல்பு. ரெஸ்ட்ரிக்‌ஷன் என்பது, தளம் அளவு குறித்துத் திறக்கும் சின்னச் சாளரங்களை என்ன செய்வது என்பது. இயல்பு 2, அளவு குறித்தவற்றைத் தொடாமல் விட்டுவிடும். நீங்கள் 0 ஆக்கியதால் அவையும் மேலே சொன்ன இலக்கத்துக்குக் கட்டுப்பட்டு, 1 என்பதால் படிவத்தின் மேலேயே ஏறிவிட்டன. அடியில் இருந்த படிவம் போனபிறகு, அந்தச் சாளரம் விடை சொல்ல ஆளில்லை. ரெஸ்ட்ரிக்‌ஷனைக் கட்டாயம் 2 க்குக் கொண்டுவாருங்கோ. மேலதை 1 இல் வைத்திருப்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால் 3 தான் பாதுகாப்பு, அளவு குறிக்காமல் புது டெப் கேட்கும் கட்டணத் தளங்களும் உண்டு.

1 இலேயே வைப்பதென்றால் ஓவர்ரைட்.எக்ஸ்டேர்னல் (override.external) என்று தேடுங்கோ. வேறு மென்பொருளிலிருந்து வரும் இணைப்புக்கான தனி இலக்கம் அது. கழித்தல் 1 என்று இருக்கும், அதாவது மேலே உள்ளதையே பின்பற்று என்பது. அதை 3 ஆக்கினால் வட்ஸ்அப் இணைப்பு தனி டெப்பில் வரும்.

வெறும் டெப் வருவது பயர்பொக்ஸ் செட்டிங் இல்லை. அந்த இணைப்பில் உண்மையான முகவரி இல்லை. கிளிக் பண்ணியபின் ஜாவாஸ்கிரிப்ட்தான் பக்கத்தைக் கூப்பிடுகிறது. நடுச் சில்லுக்கு எடுத்துப்போக முகவரியே கிடைக்காது. மவுஸை மேலே வைத்து, திரையின் கீழ் மூலையில் என்ன தெரிகிறது என்று பாருங்கோ. முகவரி இல்லாவிட்டால் அந்த வகைதான். பட்டியல் டெப்பில் வலது கிளிக், டூப்ளிகேட் டெப், அந்தப் பிரதியில் சாதாரணமாகக் கிளிக். சுற்றுவழிதான், ஆனால் நிச்சயமாக வேலை செய்யும்.

பிடிஎஃப்: தளமே இது டவுன்லோட் செய்யவேண்டிய இணைப்புக் கோப்பு என்று சொல்லி அனுப்புவதால் அப்படி. செட்டிங்ஸில் அப்ளிகேஷன்ஸ் பட்டியலில் பிடிஎஃப்புக்கு ஓப்பன் இன் பயர்பொக்ஸ் என்று இருக்கட்டும். பிறகு அபவுட் கொன்பிக்கில் பிடிஎஃப்_அட்டாச்மென்ட்ஸ்_இன்லைன் என்று தேடி ட்ரூ ஆக்குங்கோ.

பம்பலப்பிட்டி அக்கா

நடுச் சில்லு இல்லாமல் டச்பேடில் வேலை செய்பவர்களுக்கு: விண்டோஸ் 11 செட்டிங்ஸில் புளூடூத் அண்ட் டிவைசஸ், டச்பேட், மூன்று விரல் சைகை. தட்டுதல் என்பதற்கு மிடில் மவுஸ் பட்டன் என்று தெரிவு செய்தால் மூன்று விரலால் தட்டி இணைப்பைப் பின்னணியில் திறக்கலாம். அல்லது கொன்ட்ரோலைப் பிடித்துக்கொண்டு கிளிக். கொன்ட்ரோலும் ஷிப்ட்டும் சேர்த்தால் திறந்த டெப்புக்கே போய்விடும். முகவரி அடித்தபின் ஓல்ட்டும் என்டரும் அழுத்தினால் புது டெப்.

1366 திரையில் 16, 17 டெப்புக்கு மேல் போனால் வரிசை உருளத் தொடங்கும், ஏனென்றால் ஒரு டெப் 76 பிக்செலுக்குக் கீழே சுருங்காது. டெப்மின்விட்த் என்பதை 50 வரை குறைக்கலாம், அதற்குக் கீழே ஏற்காது. பெயர் வாசிக்க முடியாமல் போகும், அதனால் எனக்கு அது பிடிப்பதில்லை. 2025 மார்ச்சில் வந்த 136 ஆம் பதிப்பிலிருந்து செங்குத்து டெப் இருக்கிறது: செட்டிங்ஸ், ஜெனரல், பிரவுசர் லேஅவுட். மூன்று மொழித் தலைப்பும் முழுதாகத் தெரியும். டெப் எங்கோ மறைந்துவிட்டால் முகவரிப் பெட்டியில் சதவீதக் குறி, ஒரு இடைவெளி, பிறகு பெயரில் ஒரு துண்டு. திறந்திருக்கும் டெப்களில் மட்டும் தேடும்.

மும்மொழி

கட்டணப் பக்கமும் வட்ஸ்அப்பும் சரி. மின்வெட்டில் இயந்திரம் நின்றால் டெப்களைத் திரும்ப எடுப்பது மட்டும் மிச்சம். ரவுட்டர் டேட்டா பொதி என்பதால் எல்லாம் ஒரேயடியாகத் திறக்கவும் கூடாது.

காலி வீதி

செட்டிங்ஸ், ஜெனரல், முதல் பகுதியிலேயே முந்தைய விண்டோக்களையும் டெப்களையும் திறக்கும் பெட்டி. மங்கிப் போய் அழுத்த முடியாமல் இருந்தால் பிரைவசி பகுதியில் ஹிஸ்டரி நினைவில் வைப்பது நிறுத்தப்பட்டிருக்கும். முதலில் அதைத் திருத்துங்கள். மூடும்போது ஹிஸ்டரியை அழிக்கும் தெரிவு போட்டிருந்தாலும் டெப்கள் வராது.

பயர்பொக்ஸ் 15 செக்கனுக்கு ஒருமுறை டெப் நிலையை எழுதி வைக்கும். ஆகவே கரண்ட் போனால் கடைசி சில செக்கன்தான் இழப்பு. அடுத்தடுத்து இரண்டு முறை அப்படி நின்றால் தானாகத் திறக்காமல் ஒரு பட்டியல் காட்டிக் கேட்கும். வேண்டாதவற்றின் சரியை எடுத்துவிட்டு ரிஸ்டோர் அழுத்துங்கள். வெறும் பக்கம் வந்தால் பதறி மூடாதீர்கள். மெனுவில் ஹிஸ்டரி, ரிஸ்டோர் பிரீவியஸ் செஷன். அதுவும் மங்கியிருந்தால் அபவுட் சப்போர்ட் பக்கத்திலிருந்து புரொபைல் போல்டரைத் திறந்து, செஷன்ஸ்டோர் பேக்கப்ஸ் என்ற போல்டரை உடனே வேறிடத்துக்குக் கொப்பி பண்ணுங்கள். பயர்பொக்ஸைத் திறந்து மூடத் திறந்து மூட அதற்குள் இருப்பவை மேலெழுதப்படும். பிறகு பயர்பொக்ஸை முழுதாக மூடி, கொப்பியிலிருந்து பிரீவியஸ் என்ற கோப்பை எடுத்து, புரொபைல் போல்டருக்குள் செஷன்ஸ்டோர் என்று பெயர் மாற்றி வையுங்கள். புள்ளிக்குப் பின் உள்ள ஜேசன்எல்இசட்4 மாறக்கூடாது. அதே பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் அதை முதலில் அகற்றுங்கள்.

டேட்டாவுக்குப் பயமில்லை. திரும்ப வரும் டெப்களில் ஒவ்வொரு விண்டோவிலும் முன்னால் நிற்பது மட்டும் இறங்கும், மற்றவை தொட்டால்தான் இறங்கும். பின் பண்ணிய, அதாவது குத்தி நிலைநிறுத்திய, டெப்கள் இதற்கு விலக்கு, அவை எல்லாம் உடனே இறங்கும். பின்ட்_டெப்ஸ்_ஒன்_டிமாண்ட் என்று தேடி ட்ரூ ஆக்கிவிடுங்கள், அவையும் காத்திருக்கும்.