கரண்ட் வந்தது, ஸ்டாக் வரவில்லை

போன மே மாதம், கத்திரி வெயிலில் நடந்தது. ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனிக்கு டெஸ்பாட்ச் மென்பொருள் பார்த்துக்கொள்கிறேன், ஜாவாவில் எழுதியது. பக்கத்துக் கட்டடத்து ஸ்டாக் சர்வரைக் கேட்டுத்தான் அது பாக்கிங் லிஸ்ட் போடும். மதியம் கரண்ட் போய் வந்தது. எங்கள் மெஷின் யுபிஎஸ்ஸில் இருந்ததால் அணையவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒரு லிஸ்டும் வரவில்லை. எத்தனை தடவை முயன்றாலும் ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’, அதாவது இணைப்பு மறுக்கப்பட்டது என்ற பிழைதான்.

ஸ்டாக் சர்வர் போய்விட்டது என்றே நினைத்தேன். நேரில் போனால் நன்றாக ஓடுகிறது. சர்வரின் பெயரைப் போட்டுப் பிங் அடித்தாலும் (‘இருக்கிறாயா?’ என்று நெட்வொர்க்கில் கேட்பது) பதில் வருகிறது. அரைமணி நேரம் மண்டையை உடைத்த பிறகுதான், பிங் காட்டும் ஐ.பி. (நெட்வொர்க்கில் ஒரு மெஷினின் முகவரி எண்) வேறு, என் மென்பொருளின் லாகில் (நடந்ததைப் பதிந்துவைக்கும் கோப்பு) இருக்கும் ஐ.பி. வேறு என்று கண்ணில் பட்டது. கரண்ட் வந்ததும் ரௌட்டர் முகவரிகளை மாற்றிக் கொடுத்துவிட்டது. பழைய ஐ.பி. இப்போது பிரிண்டரிடம்! அதனிடம் போய் ஸ்டாக் கேட்டால் என்ன சொல்லும்?

தப்பு என் கோடில்தான். இணைய வேண்டிய முகவரியை ஜாவாவில் வைத்திருக்கும் இனெட்சாக்கெட்அட்ரஸ் (InetSocketAddress), உருவாக்கப்படும்போது ஒரே ஒரு தடவைதான் பெயருக்கு ஐ.பி. தேடும். நான் ஆரம்பத்தில் ஒன்றை உருவாக்கி, எல்லா முயற்சிக்கும் அதையே பயன்படுத்தியிருந்தேன். இப்போது கனெக்‌ஷன் விழுந்தால் பெயரிலிருந்து புதிதாக உருவாக்கிப் பழசோடு ஒப்பிடுகிறேன். மாறியிருந்தால் இரண்டையும் லாகில் எழுதிவிட்டு, முயற்சிக் கணக்கை முதலிலிருந்து தொடங்குகிறேன். 2019-இல் ராணிப்பேட்டை தனி மாவட்டமாகிவிட்டது, இன்னும் ‘வேலூர் மாவட்டம்’ என்று போட்டுத்தான் கூரியர் வருகிறது, வந்தும் சேர்கிறது. என் கோடுக்கு அந்த சாமர்த்தியம் இல்லை.

காட்பாடியிலிருந்து ஒருவரின் பதில்:
தம்பி, அதோடு முடியாது. நானும் அப்படி மாற்றிவிட்டு மறுபடி மாட்டினேன். ஜாவாவும் தேடிய ஐ.பி.யைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், சாதாரணமாக 30 விநாடி. என் கோட் 2 விநாடிக்கு ஒரு தடவையாக 5 தடவை முயன்றுவிட்டுக் கைவிடும். சற்று முன்புதான் தேடியிருந்தால், அந்த 10 விநாடியில் எத்தனை தடவை புதிதாக உருவாக்கினாலும் பழைய ஐ.பி.தான் வரும். செக்யூரிட்டி மேனேஜரோடு (ஜாவாவின் பழைய பாதுகாப்புக் கட்டுப்பாடு) ஓடும் பழைய சர்வரில் இன்னும் மோசம், நிறுத்தும்வரை பழசுதான். ஜாவா ஐ.பி.யை எத்தனை விநாடி வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லும் நெட்வொர்க்அட்ரஸ்.கேச்.டிடிஎல் (networkaddress.cache.ttl) மதிப்பை 5 ஆக்கி, முயற்சிகளுக்கு நடுவே இடைவெளியையும் கூட்டிக்கொண்டே போனேன். அப்புறம் தொல்லை இல்லை.

முதலில் எழுதியவர்:
சரிண்ணா, இன்றே பார்க்கிறேன். ஸ்டாக் சர்வருக்கு ரௌட்டரில் ஒரே ஐ.பி.யை நிரந்தரமாக ஒதுக்கச் சொல்லி எழுதியும் கொடுத்தேன். பிரிண்டருக்கு ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.