டீசல் கார், நீண்ட பயணம்: கையில் கிடைத்த மைலேஜ் எவ்வளவு?

என்னுடையது 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். ஆறு வருடம் ஆகிறது, 92,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. முதல் மூன்று வருடம் டேஷ்போர்டில் வரும் எண்ணையே மைலேஜ் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஒரு நீண்ட பயணத்தின் முடிவில் அது லிட்டருக்கு 23.4 காட்டியது. அன்று டீசல் பில்லையும் டிரிப் மீட்டரையும் வைத்துக் கணக்குப் போட்டால் 21.3 வந்தது. அதிலிருந்து ஒவ்வொரு முறை டீசல் போடும்போதும் ரீடிங், லிட்டர் இரண்டையும் நோட்டில் எழுதிவிடுகிறேன். என் காரில் டிஸ்ப்ளே எப்போதும் 6 முதல் 10 சதவீதம் வரை கூட்டித்தான் காட்டுகிறது. ஆகவே யாராவது மைலேஜ் சொன்னால் அது டிஸ்ப்ளே கணக்கா, டேங்க் கணக்கா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இப்போது சொல்ல வந்த விஷயம். போன மாதம் 640 கிலோமீட்டர் போய், அதே பாதையில் திரும்பினேன். காரில் அதே நான்கு பேர், அதே சுமை, போகும்போதும் வரும்போதும் ஏ.சி. ஓடியது. போகும்போது அவசரம், சாலை காலியாக இருந்த இடமெல்லாம் 110, 120-இல் போனேன். 37.2 லிட்டர் பிடித்தது, லிட்டருக்கு 17.2. திரும்பும்போது நேரம் இருந்ததால் 80-க்கும் 90-க்கும் இடையில் டாப் கியரில் விட்டுவிட்டேன். 27.1 லிட்டர்தான், லிட்டருக்கு 23.6. பத்து லிட்டர் வித்தியாசம்! நேரக் கணக்கில் ஒன்றேகால் மணி நேரம்தான் கூடுதல்.

காரணம் எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. 85-இல் போகிற கார் 115-க்கு ஏறினால் வேகம் 35 சதவீதம் கூடுகிறது, காற்றின் தடையோ 83 சதவீதம் கூடுகிறது. கார் நல்ல கார், எஞ்சின் நல்ல எஞ்சின் என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

டீசல் ஏன் பெட்ரோலைவிடக் கூடுதலாகத் தருகிறது என்று என் அக்கா மகன் கேட்டான். ஒரு லிட்டர் டீசலிலேயே ஒரு லிட்டர் பெட்ரோலைவிடப் பத்து சதவீதத்துக்கு மேல் ஆற்றல் அதிகம். டீசல் எஞ்சின் காற்றை அதிகமாக அழுத்திச் சூடாக்கி எரிக்கிறது. இன்னொன்றும் உண்டு. பெட்ரோல் எஞ்சினில் மெதுவாகப் போகும்போது உள்ளே வரும் காற்றைத் த்ராட்டில் (காற்று வழியைத் திறந்து மூடும் தகடு) மறிக்கிறது. அந்த மறிப்பை எதிர்த்துக் காற்றை இழுக்கவே கொஞ்சம் சக்தி வீணாகிறது. டீசலில் காற்றைத் தாராளமாக விட்டு, தெளிக்கும் டீசலின் அளவைத்தான் கூட்டிக் குறைக்கிறார்கள். லேசாக மிதித்துச் சீராக ஓட்டுகிறவருக்கு டீசல் கொடுக்கும் லாபம் இங்கேதான் இருக்கிறது.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். டேங்க் கணக்காக இருந்தால் நல்லது.

* * *

அண்ணா, உங்கள் கணக்கைப் பார்த்ததும் என் பயணம் ஞாபகம் வந்தது. என்னுடையது 2.2 லிட்டர் ஆட்டோமேட்டிக், பெரிய வண்டி. வழக்கமாக நீண்ட தூரத்தில் 14, 14.5 வரும். அன்று ஒரே சீராக 90-இல் போய்க்கொண்டிருக்கும்போது உடனடி மைலேஜ் காட்டும் கோடு திடீரென்று 9-க்கு இறங்கியது. ஏற்றம் இல்லை, எதிர்க்காற்றும் இல்லை. பயந்துபோய் ஓரமாக நிறுத்தி அணைத்துவிட்டேன். வெளியே வந்தால் கருகிய வாடை, விசிறி சத்தமாகச் சுற்றுகிறது. கொஞ்ச நேரம் கழித்துக் கிளம்பினேன், சிறிது தூரத்தில் மறுபடி அதே கதை. மறுபடி நிறுத்தினேன்.

பிறகு ஒரு மெக்கானிக்தான் புரியவைத்தார். அது டிபிஎஃப், அதாவது புகையில் வரும் கரியைப் பிடிக்கிற வடிகட்டி, தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்கிற நேரம். சைலன்சர் வழியில் இருக்கிற அந்த வடிகட்டியில் கரி சேர்ந்ததும், கூடுதல் டீசலைத் தெளித்து அதை 600 டிகிரி அளவுக்குச் சூடாக்கிக் கரியை எரிக்கிறது. சில நூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை பத்து இருபது நிமிடம் இது நடக்கும். அந்த நேரத்தில் மைலேஜ் விழத்தான் செய்யும். நான் செய்த தவறு நடுவில் நிறுத்தியது. பாதியில் விட்டால் அடுத்த முறை முதலிலிருந்து ஆரம்பிக்கிறது, டீசல் இரண்டு மடங்கு வீண். அதைவிட மோசம், எரியாத டீசல் சிலிண்டர் சுவர் வழியாக எஞ்சின் ஆயிலில் கலந்துவிடுகிறது. டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தபோது ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தது. ஆயிலை மாற்ற வேண்டியதாயிற்று.

தினமும் மூன்று நான்கு கிலோமீட்டர் மட்டும் ஓடிய வண்டி அது. அதனால்தான் நீண்ட பயணம் கிடைத்ததும் சேர்ந்த கரியையெல்லாம் எரிக்க ஆரம்பித்திருக்கிறது. இப்போதெல்லாம் மைலேஜ் திடீரென்று விழுந்தால் இருபது நிமிடம் அப்படியே ஓட்டிவிடுகிறேன்.

* * *

நான் ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். கூரை மேல் கேரியர். குடும்பத்தோடு போகும்போது பெட்டிகளை மேலே கட்டினோம், 20.1 வந்தது. அதே பாதையில் பெட்டிகளை டிக்கியில் அடுக்கி, கேரியரைக் கழற்றி வைத்துவிட்டுப் போனபோது 23.3. ஆட்களும் பெட்டிகளும் மாறவே இல்லை. பெட்டி இல்லாத வெறும் கேரியரே சத்தம் போடுகிறது என்றால் காற்றை மறிக்கிறது என்றுதானே அர்த்தம்? பயணம் முடிந்ததும் கழற்றிவிடுங்கள். டயர் காற்றும் அப்படித்தான். முழு சுமைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று ஓட்டுநர் கதவுப் பக்கத்து ஸ்டிக்கரில் தனியாகப் போட்டிருக்கும், டயர் சூடாவதற்கு முன் பார்க்க வேண்டும்.

* * *

மலைப்பாதைக்காரன் நான். ஏறும் 48 கிலோமீட்டருக்கு டிஸ்ப்ளே 11 காட்டும். இறங்கும் 48-க்கு 45 காட்டும். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 28 என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். அது தப்பு. ஏற 4.4 லிட்டர், இறங்க 1.1 லிட்டர், மொத்தம் 5.5. அப்படியானால் 96 கிலோமீட்டருக்குச் சராசரி 17.5 தான். லிட்டரைக் கூட்டுங்கள், மைலேஜைக் கூட்டாதீர்கள்.

இன்னொன்று, தயவுசெய்து நியூட்ரலில் இறங்காதீர்கள். டீசல் மிச்சமாகும் என்று நானும் முன்பு செய்திருக்கிறேன். கியரில் வைத்து ஆக்சிலரேட்டரை விட்டால் சக்கரமே எஞ்சினைச் சுற்றிவிடும், டீசல் தெளிப்பு முழுக்க நின்றுவிடும். நியூட்ரலிலோ எஞ்சின் அணையாமல் இருக்க டீசல் குடித்துக்கொண்டே இருக்கும். அதோடு வண்டியைப் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக் தலையில் விழுகிறது. ஒரு இறக்கத்தில் பிரேக் சூடாகி மிதி மென்மையாகப் போனது. அந்த வளைவை இன்றும் மறக்கவில்லை.

* * *

எல்லோருக்கும் நன்றி. மலைக்கணக்கு போட்டவர் சொன்னது முக்கியமானது, என் நோட்டிலும் இரண்டு இடத்தில் அந்தத் தப்பு இருந்தது, திருத்திவிட்டேன்.

டேங்க் கணக்கு எழுதுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. டீசல் நுரைக்கும். வேகமாகப் பிடித்தால் நுரை மேலே வந்து, டேங்க் நிறையும் முன்பே பம்ப் தானாக நின்றுவிடும். 30 லிட்டர் பிடிக்கிற இடத்தில் 2 லிட்டர் குறைந்தால் மைலேஜ் 7 சதவீதம் கூடிவிட்டதாகத் தெரியும். அடுத்த முறை அதே அளவு விழுந்துவிடும். வண்டிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. முடிந்தவரை ஒரே பம்பில் மெதுவாகப் பிடித்து, முதல் தடவை நின்றதோடு நிறுத்துங்கள். நான் இப்போது ஐந்து டேங்க் சேர்த்துத்தான் சராசரி எடுக்கிறேன்.

கம்பெனி சொன்ன எண் வரவில்லை என்று தனியாகக் கேட்டிருந்த தம்பிக்கு: அந்த எண் ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் வண்டியை ஓட்டி எடுப்பது. ஐரோப்பாவில் இருந்த பழைய என்இடிசி சோதனையின் சராசரி வேகம் மணிக்கு 34 கிலோமீட்டர் கூட இல்லை. அதற்குப் பதிலாக 2017-இல் வந்த டபிள்யூஎல்டிபி சோதனையிலும் சராசரி 46.5 தான். நீங்கள் ஐந்து மணி நேரம் விடாமல் 110-இல் போயிருக்கிறீர்கள். உங்களுக்கு வந்த 18 குறைவே இல்லை.

அடுத்த மாதம் அதே 640 கிலோமீட்டர் மறுபடி போகிறேன். இந்தத் தடவை முழுக்க 95-இல் நிலையாக வைத்துப் பார்க்கப்போகிறேன். திரும்பியதும் இரண்டு டேங்க் ரீடிங்கையும் அப்படியே எழுதுகிறேன்.