பேசில்லஸ் சப்டிலிஸ் ஸ்லைடு பாதி ஊதா பாதி பிங்க்கா வருது, கிராம் ஸ்டெயின்ல எங்க தப்பாகுது?

முல்லை_மைக்ரோ:
எல்லாருக்கும் வணக்கம், பிஎஸ்சி மைக்ரோபயாலஜி முதல் வருஷம். பிராக்டிகல்ல பேசில்லஸ் சப்டிலிஸ்ங்கிற பாக்டீரியாவ குடுத்து, சாயம் ஏத்தி பாக்டீரியாவ ரெண்டு வகையா பிரிக்கிற கிராம் ஸ்டெயின் பண்ணச் சொன்னாங்க. கிறிஸ்டல் வயலட், அயோடின், ஆல்கஹால், கடைசியா சாஃப்ரானின், எல்லாம் மேனுவல்ல இருக்கிற வரிசைலதான் பண்ணேன், ஆனா மைக்ரோஸ்கோப்ல ஆயில் இம்மெர்ஷன்ல வெச்சுப் பாத்தா ஒரே சங்கிலில சில செல் ஊதா, ஒட்டுனாப்ல அடுத்த செல் பிங்க், அதுலயும் சிலதுக்கு நடுவுல கலரே ஏறாம முட்டை வடிவத்துல ஒரு இடம் வெளுப்பா இருக்கு. இது கிராம் பாசிட்டிவ், அதாவது ஊதாவா வரணும்னுதான எல்லா புக்லயும் போட்டிருக்கு? மேம் "ரெக்கார்டுல பாசிட்டிவ்னு எழுதிக்கோ"ன்னுட்டாங்க, எனக்கு மனசு ஒப்பல. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கார்த்தி_பயோ:
பிளேட்ல வேற ஏதோ கலந்திருக்கு. புது பிளேட் கேளுங்க.

லேப்_செல்வி:
கலப்படம்னா ஒரே சங்கிலிக்குள்ள ரெண்டு கலர் வராது தம்பி, அந்தச் சங்கிலியே ஒரு செல் பிரிஞ்சு பிரிஞ்சு உண்டானதுதான. முல்லை, கல்ச்சர் எப்ப போட்டது? ஆல்கஹால் எவ்ளோ நேரம் விட்ட?

முல்லை_மைக்ரோ:
வெள்ளிக்கிழமை போட்டதுக்கா, திங்கக்கிழமைதான் எடுத்தோம், அதுவரைக்கும் இன்குபேட்டர்லயே இருந்துச்சு. ஆல்கஹாலுக்கு டைம் பாக்கல, கலர் போற வரைக்கும் ஊத்தச் சொன்னாங்க.

லேப்_செல்வி:
அப்ப ரெண்டும் சேந்துதான் வேலையக் காட்டுது. கிறிஸ்டல் வயலட்டும் அயோடினும் செல்லுக்குள்ள சேந்து பெரிய கூட்டுப்பொருளா ஆயிடும். கிராம் பாசிட்டிவ்ல செல் சுவர்ல இருக்கிற பெப்டிடோகிளைக்கான்ங்கிற வலை பல அடுக்கா தடிமனா இருக்கும், ஆல்கஹால் பட்டதும் அதுல இருக்கிற தண்ணி போய் வலை இறுகிடும், ஊதா உள்ளயே மாட்டிக்கும். நெகட்டிவ்ல அந்த அடுக்கு ரொம்ப மெல்லிசு, வெளிய இருக்கிற கொழுப்புச் சவ்வையும் ஆல்கஹால் கரைச்சுடும், ஊதா வெளிய வந்துடும், அப்புறம் சாஃப்ரானின் பிங்க் ஏறும். பேசில்லஸ் வயசாக வயசாக சுவர் தேஞ்சு அங்கங்க ஓட்டையாயிடும், அதனால பாசிட்டிவ்வா இருந்தும் ஊதாவ பிடிச்சு வெக்க முடியாது. 18லருந்து 24 மணி நேரத்துக்குள்ள இருக்கிற கல்ச்சர் எடு. ஸ்லைட சாய்ச்சுப் பிடிச்சு ஆல்கஹால சொட்டு சொட்டா விடு, கீழ வழியறது தெளிவானதும் அந்த நொடியே தண்ணி ஊத்து, ஸ்மியர், அதாவது ஸ்லைடுல தேச்ச படலம், மெல்லிசா இருந்தா பத்துப் பதினஞ்சு செகண்டே தாராளம், அசிட்டோன் கலந்ததுன்னா இன்னும் சீக்கிரம். அயோடின் பாட்டிலையும் பாரு, பழுப்பு போய் வெளிர் மஞ்சளா இருந்தா அது செத்துப்போச்சு. ஹீட் ஃபிக்ஸ் பண்றப்ப ஸ்லைடு கைல சுடுற அளவுக்கு காட்டுனாலும் சுவர் கெட்டு பிங்க் வரும்.

நடுவுல வெளுப்பா இருக்கிறது எண்டோஸ்போர், கஷ்டகாலத்த தாங்க செல்லுக்குள்ள உண்டாகுற வித்து. அதோட உறை சாதாரண சாயத்த உள்ள விடாது. மலாகைட் கிரீன் போட்டு ஆவில வெச்சா பச்சையா அழகா தெரியும், கண்டிப்பா ஒரு தடவ பண்ணிப் பாரு.

எம்எஸ்சி_அண்ணன்:
அக்கா சொன்னதோட இதையும் சேத்துக்கோம்மா, எப்பவுமே அதே ஸ்லைடுல ரெண்டு ஓரத்துலயும் ஸ்டாஃபைலோகாக்கஸ் (பாசிட்டிவ்), ஈ கோலை (நெகட்டிவ்) ரெண்டையும் கன்ட்ரோலா வை. ஈ கோலையே ஊதாவா இருந்தா ஆல்கஹால் பத்தல இல்ல ஸ்மியர் தடிப்பு, ஸ்டாஃப் பிங்க்கா போச்சுன்னா ஆல்கஹால் ஜாஸ்தி. கன்ட்ரோல் இல்லாத கிராம் ஸ்டெயின நான் நம்பவே மாட்டேன். அப்பவும் சந்தேகம்னா கிளவுஸ் போட்டுட்டு 3% பொட்டாசியம் ஹைட்ராக்சைடு ஒரு சொட்டுல காலனியக் கலக்கி லூப்ப மெல்ல தூக்கு, கிராம் நெகட்டிவ்னா செல் உடைஞ்சு டிஎன்ஏ வெளிய வந்து நூலா இழுபடும், பாசிட்டிவ்னா இழுபடாது.

முல்லை_மைக்ரோ:
அக்கா, அண்ணா, ரொம்ப நன்றி!! நேத்து ராத்திரி போட்ட கல்ச்சர்ல கன்ட்ரோலோட பண்ணேன், எல்லா செல்லும் ஊதா, ஈ கோலை பளிச்சுன்னு பிங்க். மேம்கிட்டயும் காட்டுனேன், ரெண்டு ஸ்லைடையும் ரெக்கார்டுல வரையச் சொல்லிட்டாங்க. இன்னொரு டவுட், வீட்டு இட்லி மாவுலயும் ஸ்மியர் போட்டேன், பெருசு பெருசா ஊதா முட்டைங்க, சிலதுல மொட்டு மாதிரி ஒண்ணு ஒட்டிட்டிருக்கு. இது எந்த கிராம் பாசிட்டிவ் பாக்டீரியா?

எம்எஸ்சி_அண்ணன்:
அது பாக்டீரியாவே இல்லம்மா, ஈஸ்ட். பூஞ்சை இனம், உள்ள நியூக்ளியஸ் உண்டு. அதோட சுவர்ல பெப்டிடோகிளைக்கானே கிடையாது, குளுக்கான், மன்னான், கொஞ்சம் கைட்டின்தான், ஆனா சுவர் தடிமனா இருக்கிறதால ஊதாவ பிடிச்சுக்கும். மைக்கோபிளாஸ்மான்னு ஒரு பாக்டீரியா... அது தலைகீழ், சுவரே இல்லாததால பிங்க்கா வரும், ஆனா ஆர்என்ஏ வரிசைய வெச்சுப் பாத்தா கிராம் பாசிட்டிவ் கூட்டத்துக்குத்தான் சொந்தம். அதனால கலர மட்டும் வெச்சு இனம் பிரிக்க முடியாது; 1884ல பெர்லின்ல ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் இந்த முறைய கொண்டுவந்ததே நிமோனியால இறந்தவங்க நுரையீரல் திசுக்குள்ள பாக்டீரியாவ தனியா தெரிய வெக்கத்தான். பாக்டீரியா, ஆர்க்கியா, யூகேரியான்னு நாம இன்னைக்கு படிக்கிற பிரிவுக்கு அடிப்படை 1977ல கார்ல் வோஸ் ரைபோசோம் ஆர்என்ஏவ ஒப்பிட்டுப் பாத்து போட்டது.

லேப்_செல்வி:
அதே மாவு ஸ்லைடுல ஈஸ்ட்டுக்கு நடுவுல சின்ன சின்னதா ஜோடியாவோ சங்கிலியாவோ ஊதா உருண்டைங்க இருக்கான்னு தேடு முல்லை. லியூகோனோஸ்டாக் மெசென்டிராய்ட்ஸா இருக்க நல்ல வாய்ப்பு, மாவு பொங்குறதுல அதுக்குத்தான் பெரிய பங்கு. ஆனா ஸ்டெயின மட்டும் வெச்சு ரெக்கார்டுல பேர் போட்டுடாத, "கிராம் பாசிட்டிவ், காக்கஸ், சங்கிலி அமைப்பு"ன்னு எழுது, பேர் வேணும்னா காலனியத் தனியா பிரிச்சு மத்த டெஸ்ட்டும் பண்ணணும்.